முதல் பிரசவம் சிசேரியன், இரண்டாவது சுகப்பிரசவம்: என் அனுபவம்

என் முதல் குழந்தை கடைசி மாதம் வரை தலை திரும்பாமலே இருந்ததால் சிசேரியன் செய்தார்கள். இரண்டாவது முறை கருவுற்றபோது, "ஒரு தடவை ஆபரேஷன் என்றால் மறுபடியும் ஆபரேஷன்தான்" என்று பெரம்பூரில் எங்கள் வீட்டில் எல்லோரும் முடிவே செய்துவிட்டார்கள். என் மாமியார் மட்டும், "டாக்டரம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கலாமே, அம்மாடி" என்றார்.

மருத்துவர் முதலில் கேட்டது பழைய டிஸ்சார்ஜ் சம்மரியை. வயிற்றுத் தோலில் தழும்பு குறுக்காகத் தெரிந்தாலும், உள்ளே கர்ப்பப்பையில் வெட்டு வேறு விதமாக இருக்கக்கூடும் என்று விளக்கினார். கீழ்ப்பகுதியில் குறுக்காக வெட்டியிருந்தால், பிரசவ வலியின்போது பழைய தையல் பிரியும் ஆபத்து ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்குத்தான். மேற்பகுதியில் நெடுக்காக வெட்டியிருந்தால் அது பல மடங்கு கூடுவதால், சுகப்பிரசவத்துக்கு முயல மருத்துவர்கள் சம்மதிப்பதில்லை. என் தாளில் 'எல்.எஸ்.சி.எஸ்.' என்று இருந்தது. அது கீழ்ப்பகுதி வெட்டைக் குறிக்கும். தாளைத் தொலைத்தவர்கள் முதல் பிரசவம் நடந்த மருத்துவமனையில் அறுவை சிகிச்சைக் குறிப்பின் நகலைக் கேட்டு வாங்கிவிடுங்கள். இதைத் தள்ளிப்போடவே வேண்டாம்.

இப்படி முயல்பவர்களில் 100க்கு 60 முதல் 80 பேருக்குச் சுகப்பிரசவம் ஆகிறது. குழந்தை தலை திரும்பாதது ஒவ்வொரு முறையும் நேர்வதில்லை என்பதால் எனக்கு வாய்ப்பு நன்றாகவே இருப்பதாகச் சொன்னார். முன்பே ஒரு சுகப்பிரசவம் ஆனவர்களுக்கு வாய்ப்பு இன்னும் அதிகம். இரு பிரசவங்களுக்கும் இடையே ஒன்றரை ஆண்டுகூட இல்லாவிட்டால் தையல் பிரியும் ஆபத்து கூடும். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன் என்னும்போது, இந்தக் கேள்வி எத்தனை வீடுகளுக்கு உரியது என்று எண்ணிப் பாருங்கள். மூன்றாவது குழந்தையும் வேண்டும் என்பவர்கள், சிசேரியன் கூடக்கூட நஞ்சுக்கொடி பழைய தழும்பில் ஆழமாக ஒட்டிக்கொள்ளும் ஆபத்தும் கூடும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

எங்கள் தெருவுக்கு அருகிலிருந்த நர்சிங் ஹோமில், இரவில் மயக்க மருந்து மருத்துவர் இருக்கமாட்டார் என்று நேர்மையாகச் சொல்லிவிட்டார்கள். ஆகவே எந்த நேரமும் உடனே அறுவை சிகிச்சை செய்யக்கூடிய பெரிய மருத்துவமனையில் பதிவு செய்தோம். பிரசவத் தேதி நவம்பரில் இருந்ததாலும், மழை கொட்டினால் கணேசபுரம் சுரங்கப்பாதை மூழ்கிவிடும் என்பதாலும், என் கணவர் மாற்று வழியை முன்கூட்டியே பார்த்து வைத்தார். வலி தொடங்கியதுமே புறப்பட்டுவிட்டோம். செயற்கையாக வலி வரவழைக்கும் சில மருந்துகள் தையலுக்கு ஆபத்து என்பதால், தானாக வந்த வலியே முன்னேறட்டும் என்று மருத்துவர் பொறுத்திருந்தார். குழந்தையின் இதயத்துடிப்பைக் கருவி இடைவிடாமல் காட்டிக்கொண்டிருந்தது. பெண் குழந்தை நலமாகப் பிறந்தாள்.

என் நாத்தனாரும் இவ்வாறே முயன்றார். கர்ப்பப்பை வாய் பாதி திறந்து நின்றுவிட்டதால் சிசேரியன் ஆயிற்று. தான் தோற்றுவிட்டதாக அவர் அழுதபோது எனக்குப் பொறுக்கவில்லை, ஏனென்றால் அதில் தோல்வி என்று எதுவுமே இல்லை. ஆனால் வலி கண்டு முயன்ற பிறகு செய்யும் சிசேரியனில், முன்பே திட்டமிட்டுச் செய்வதைவிடக் கிருமித்தொற்றுக்கான வாய்ப்பு அதிகம் என்பதையும் மருத்துவரிடம் பேசித் தெளிந்த பிறகே முடிவெடுங்கள்.

பிரசவ அறையில், ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் நடுவிலும் தழும்பின் பக்கம் வலி விடாமல் இருந்தாலோ, இரத்தப்போக்கு கண்டாலோ, "பிரசவம் என்றால் அப்படித்தான் இருக்கும்" என்று யார் சொன்னாலும் கேளாமல் உடனே செவிலியரைக் கூப்பிடுங்கள்.