ஸ்ட்ரோக்கர் எஞ்சினுக்குத் தமிழ்: நீள்வீச்சா, நீட்டுவீச்சா?

மொழிபெயர்ப்பாளர்:
அன்பர்களுக்கு வணக்கம். மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷன் எஞ்சினைப் பிரித்துக் கட்டுவது பற்றிய கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒன்பதாம் எவல்யூஷன் வரை அந்தக் காரில் இருந்தது 4ஜி63 எஞ்சின்: துளை 85 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 88 மி.மீ., கொள்ளளவு 1,997 சி.சி. பெரிய டர்போ மாட்டி 800 குதிரைத்திறன் எடுக்க நினைப்பவர் எதைக் கட்டுவது என்று ஓர் அத்தியாயமே பேசுகிறது. இருக்கிற 2 லிட்டரைப் பலப்படுத்தலாம். அதே குடும்பத்து 4ஜி64 எஞ்சினின் கிராங்க்கை, அதாவது பிஸ்டனை 100 மி.மீ. ஏற்றி இறக்கும் வளைந்த சுழல்தண்டை, போட்டு 2.3 லிட்டர் ஆக்கலாம். அல்லது உயரமான, துளையும் சற்றுப் பெரிதான 4ஜி64 பிளாக்கில் (எஞ்சினின் உடற்பகுதி) 88 மி.மீ. கிராங்க்கையே வைத்து, பிஸ்டனையும் கிராங்க்கையும் இணைக்கும் ராடை நீளமாகப் போட்டு 2.1 லிட்டர் கட்டலாம். நடுவில் சொன்னதுதான் ஸ்ட்ரோக்கர்: பிஸ்டன் ஏறி இறங்கும் தூரத்தை, அதாவது ஸ்ட்ரோக்கை, கூட்டிய எஞ்சின். ஸ்ட்ரோக்குக்கு 'வீச்சு' என்று வைத்து, 'நீள்வீச்சு எஞ்சின்' என்று எழுதியிருக்கிறேன். பொருந்துமா?

பாலிடெக்னிக் ஆசிரியர்:
பொருந்தாது, தம்பி. துளையைவிட வீச்சு அதிகமுள்ள எந்த எஞ்சினும் நீள்வீச்சு எஞ்சின்தான். 85-க்கு 88 என்றால் உங்கள் 4ஜி63 தொழிற்சாலையிலிருந்து வரும்போதே நீள்வீச்சு. ஸ்ட்ரோக்கர் என்பது இருந்ததைக் காட்டிலும் கூட்டியது. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் அத்தியாயத்தின் முதல் பக்கத்திலேயே வாசகர் தடுமாறுவார்.

இன்னொன்று, எனக்கு 'வீச்சு' என்ற சொல்லிலேயே உடன்பாடு இல்லை. பள்ளி இயற்பியலில் வீச்சு என்றால் நடுநிலையிலிருந்து ஒரு பக்க எல்லை வரை உள்ள தூரம். அந்தக் கணக்கில் 88 மி.மீ. ஏறி இறங்கும் பிஸ்டனுக்கு வீச்சு 44. மாணவர்கள் இங்கேதான் வழுக்குகிறார்கள். கிராங்க்கை 88-லிருந்து 100 ஆக்கினால் பிஸ்டன் மேலே 6 மி.மீ. கூடுதலாகப் போகும், கீழே 6 மி.மீ. கூடுதலாக இறங்கும். ஆகவே பிஸ்டனை ராடோடு இணைக்கும் முள்ளை (பின்) 6 மி.மீ. உயர்த்தி அமைத்த பிஸ்டன் வாங்கவேண்டும். 12 என்று எழுதுகிறவர்களை வகுப்பில் பார்க்கிறேன். சொல் குழம்பினால் அளவும் குழம்பும்.

புலவர்:
ஆசிரியர் ஐயா சொன்ன குழப்பம் இயற்பியல்காரர்கள் உண்டாக்கியது, தமிழ் உண்டாக்கியதன்று. பேசு பேச்சானது, ஏசு ஏச்சானது, அதுபோல வீசு வீச்சானது. கைவீச்சு, வலைவீச்சு எல்லாம் முழு இயக்கத்தைக் குறிப்பவை. ஊஞ்சல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போவதைத்தான் நம் மக்கள் ஒரு வீச்சு என்பார்கள். பாதியை வீச்சென்று வகுத்துக்கொண்டவர்கள் வேறு சொல் தேடட்டும்.

கிராங்க்குக்கு 'வணரி' என்று நல்ல சொல் இருப்பதையும் மொழிபெயர்ப்பாளர் கவனிக்கவேண்டும். வணர் என்றால் வளைவு. வளைந்த தண்டுடைய சிறிய யாழைச் சங்கப் புலவர் 'வணர்கோட்டுச் சீறியாழ்' என்றார். வணரும் வணங்கும் ஒரே வேர் என்பது என் துணிபு. வளை, வள், வாங்கு, வணங்கு, வணர் என்று இந்தக் குடும்பம் பெரிது. இது பற்றித் தனியாக எழுதுகிறேன்.

பட்டறைக்காரர்:
எஞ்சின் கட்டுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். பட்டறையில் யாரும் வணரி கேட்டு வரமாட்டார்கள். கிராங்க், ராடு, ரிங், துளைக்குப் போர், இதுதான் எங்கள் மொழி. ஸ்ட்ரோக்கர் என்றே விட்டுவிடுங்கள்.

சொல்லைவிட அந்த அத்தியாயம் சரியாக இருக்கிறதா என்பதுதான் எனக்குக் கவலை. 2.3 லிட்டர் என்றால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஏறக்குறைய 14 சதவீதம் கூடுதல் காற்று. பெரிய டர்போ சீக்கிரம் எழும்பும், நடுவேகத்தில் இழுவை கிடைக்கும். ரோட்டில் ஓட்டுகிறவருக்கு அது பெரிய வரம். ஆனால் நிமிடத்துக்கு 8,000 சுற்றில் பிஸ்டனின் சராசரி வேகம் 2 லிட்டரில் விநாடிக்கு 23.5 மீட்டர், 2.3-இல் 26.7 மீட்டர். அதாவது 2 லிட்டரை 9,000 சுற்றுக்கு விரட்டினால் படும் பாட்டை இது 8,000-லேயே படுகிறது. 150 மி.மீ. ராடை மாற்றாமல் போட்டால் ராடுக்கும் ஸ்ட்ரோக்குக்கும் உள்ள விகிதம் 1.7-லிருந்து 1.5-க்கு இறங்கிவிடும். ராடு சாய்வது கூடும், பிஸ்டன் சுவரை அழுத்துவதும் கூடும். முள்ளும் மேலேறி ஆயில் ரிங் பள்ளத்தை நெருங்குகிறது. உயர் சுற்றில் எவ்வளவு பவர் என்பதை டர்போ தள்ளும் காற்றுதான் தீர்மானிக்கிறது. 800 கேட்டு, 9,000 சுற்றுக்கு மேல் விரட்டுகிற நேர்பாதைப் பந்தயக்காரருக்கு நான் 2 லிட்டரோ 2.1-ஓதான் சொல்வேன். இதைத் தெளிவாக எழுதுங்கள், எந்தச் சொல்லில் வேண்டுமானாலும்.

யாழ்ப்பாணத்து உறுப்பினர்:
எங்கட பக்கத்தில் ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினை நான்கடிப்பு எஞ்சின் என்று சொல்லிப் படித்தவர்கள் இருக்கிறார்கள். 'அடிப்பு' என்று வைத்தால் ஆசிரியர் சொன்ன பாதி, முழுமைச் சிக்கல் வராது. 'நீடடிப்பு' எண்டு ஆக்கலாமே?

பாலிடெக்னிக் ஆசிரியர்:
அடிப்பு ஓர் இயக்கத்தை எண்ணுவதற்கு அருமையான சொல். தூரத்தை அளக்க ஒட்டவில்லை. '100 மி.மீ. அடிப்பு' என்று என் மாணவர் எழுதினால் நானே திரும்பக் கேட்பேன்.

புலவர்:
இரவு யோசித்ததில் ஒன்று தோன்றியது. நீள் என்பது தன்வினை. நீட்டு என்பது பிறவினை. உருள் உருட்டு, சுருள் சுருட்டு, திரள் திரட்டு போல. தானாகவே நீண்டிருப்பது நீள்வீச்சு. ஒருவர் வேண்டுமென்றே நீட்டியது நீட்டுவீச்சு. ஆசிரியர் கேட்ட வேறுபாடு முழுவதும் இந்த இரண்டு எழுத்தில் அடங்கிவிடுகிறது. வினைத்தொகையாகவும் நிற்கும், சுட்ட மண் சுடுமண் ஆனதுபோல நீட்டிய வீச்சு நீட்டுவீச்சு.

மொழிபெயர்ப்பாளர்:
ஐயா, இதற்காகத்தான் இந்தக் குழுவுக்கு எழுதினேன். '4ஜி63 ஒரு நீள்வீச்சு எஞ்சின். அதை நீட்டுவீச்சாக்கினால் 2.3 லிட்டர்' என்று எழுதிப் பார்த்தேன், விளக்கமே தேவைப்படவில்லை. ஒரு சிக்கல் மிச்சம். 4ஜி64 பிளாக்கின் சொந்த கிராங்க் 100 மி.மீ. அதில் 88 போட்டுக் கட்டும் 2.1 லிட்டருக்கு என்ன சொல்வது? குறுகு, குறுக்கு என்று அதே வழியில் போனால் 'குறுக்குவீச்சு' வருகிறது.

பட்டறைக்காரர்:
குறுக்குவீச்சு என்றால் பிஸ்டன் குறுக்கே போகிறது என்றுதான் எவனும் நினைப்பான். வேண்டாம்.

புலவர்:
சுருங்கு, சுருக்கு. சுருக்குவீச்சு என்க.

பாலிடெக்னிக் ஆசிரியர்:
சுருக்கு என்றதும் கயிற்றுச் சுருக்கு நினைவுக்கு வருகிறதே ஐயா. தவிர, 2.1 கட்டுகிறவரின் நோக்கம் வீச்சைக் குறைப்பதன்று. பிளாக் 6 மி.மீ. உயரம் என்பதால் 156 மி.மீ. ராடு போட இடம் கிடைக்கிறது, அதற்காகத்தான் கட்டுகிறார். 'நெடுந்தண்டு எஞ்சின்' என்று அதன் பயனைச் சொல்லிப் பெயர் வையுங்கள்.

புலவர்:
இணையான இரண்டு பொருளுக்கு இணையான இரண்டு சொல் வேண்டும். ஒன்றை வீச்சாலும் மற்றொன்றைத் தண்டாலும் அழைப்பது முறையன்று. நான் சுருக்குவீச்சிலேயே நிற்கிறேன்.

மொழிபெயர்ப்பாளர்:
பெரும்பாலோர் ஏற்றதால் நீட்டுவீச்சு புத்தகத்தில் போகிறது. முதல் இடத்தில் ஸ்ட்ரோக்கர் என்றும் சேர்த்துப் போடுகிறேன். கிராங்க் கிராங்க்காகவே இருக்கும். புலவர் ஐயா பொறுத்தருள்க. 2.1-ஐ இப்போதைக்கு '2.1 லிட்டர் நெடுந்தண்டு' என்று எழுதுகிறேன். முதல் அத்தியாயத்தில் 'வீச்சு என்பது கோடிக்குக் கோடி உள்ள முழுத் தூரம்' என்று ஒரு வரியும் சேர்த்துவிட்டேன்.

பாலிடெக்னிக் ஆசிரியர்:
அந்த வரியைத் தடித்த எழுத்தில் போடுங்கள். வீச்சின் மீதுள்ள என் மறுப்பு அப்படியேதான் இருக்கிறது.

புலவர்:
வணரி பற்றிய கட்டுரையை நாளை அனுப்புகிறேன்.