வாவியிலும் கல்லடிக் கடலிலும் விலங்குப் பிளாந்தன்: காபன் கணக்கு எடுப்பது எப்படி?

வாவிக்கரைத் தம்பி:
வணக்கம். இறுதியாண்டு ஆய்வுக்கு ‘விலங்குப் பிளாந்தன்கள் (நீரில் மிதந்து திரியும் சிறு விலங்குகள்) ஆழத்துக்கு இறக்கும் காபன்’ என்று தலைப்புக் கொடுத்திருக்கிறேன். மட்டக்களப்பு வாவியில் பாலமீன்மடு முகத்துவாரத்துக்குக் கிட்ட ஓர் இடம், கல்லடிக்கு நேரே கடலில் 20 மீற்றர் ஆழத்தில் ஓர் இடம். இரண்டிலும் பகலும் இரவும் வலை இழுத்து, இரவு நிறையிலிருந்து பகல் நிறையைக் கழித்து, அதைக் காபனாக்குவதுதான் எண்ணம். 57 சென்ரிமீற்றர் வாயும் 200 மைக்றோன் கண்ணும் உள்ள வலை, வாயில் கட்டும் ஓட்டமானி, பைபர் போட், போமலின், சாதாரண நுணுக்குக்காட்டி எல்லாம் கைவசம் இருக்கின்றன. இது சரிவருமா? ஓட்டமானி காட்டும் இலக்கத்தைக் கன அளவாக்குவது எப்படி? போமலினில் போட்ட மாதிரியைப் பிறகு நிறுக்கலாமா?

ஆழிமடி:
தம்பி, இந்த இரண்டு இடத்திலும் அந்தக் கழித்தல் கணக்கு செல்லாது. கருவியில் குறையில்லை, ஆழம்தான் போதாது.

இந்த முறை திறந்த சமுத்திரத்துக்கு உரியது. அத்லாந்திக்கில் பெர்மியூடாத் தீவுக்கு அப்பால் டெபோரா ஸ்டைன்பேர்க் என்ற ஆய்வாளரின் குழு 1994 முதல் மாதாமாதம் பகலும் இரவும் 202 மைக்றோன் வலையை ஏறத்தாழ 200 மீற்றர் வரை இறக்கி இழுத்து வருகிறது. அங்கே இரவில் மேலே வந்து தின்ற உயிர்கள் விடியுமுன் சில நூறு மீற்றர் இறங்கிவிடும். பகல் முழுக்க அங்கேயே சுவாசித்து, மலம் கழித்து, சிலது செத்தும் போகும். அந்தக் காபன் மேல்நீரோடு திரும்பக் கலக்க நெடுங்காலம் பிடிக்கும். அதனால்தான் அதை ‘இறக்கிய காபன்’ என்று எண்ணுகிறார்கள்.

நம்முடைய வாவியில் மிக ஆழமான இடமே சில மீற்றர்தான். கச்சான் காற்று ஒரு பின்னேரம் அடித்தால் அடிச்சேறு வரைக்கும் கலங்கும். அடியில் வெளிவந்த காபனீரொட்சைட்டு மறுநாளே வளிக்குப் போய்விடலாம். கல்லடிக் கடலும் கிட்டத்தட்ட அப்படித்தான். மூழ்கிய ஹேர்மிஸ் போர்க்கப்பல் கிடக்கிற இடத்துக்கே போனாலும் ஐம்பது மீற்றர் சொச்சம்தான், இன்னும் கண்டமேடைக்குள்ளேயே (கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடலடித்தளம்) நிற்கிறீர்கள்.

உங்களை ஏமாற்றக்கூடியது இன்னொன்றும் உண்டு. வாவியில் இரவு மாதிரி கட்டாயம் கூடத்தான் வரும். பகலில் சேற்றிலும் சாதாளை என்ற நீர்க்களைக்குள்ளும் பதுங்கியிருந்த கோபிபொட் (இறால் இனத்துக்குக் கிட்டிய மிகச் சிறிய உயிர்), கூனி எல்லாம் இரவில் எழும்பும். பகலில் வலையைக் கண்டு விலகினவையும் இருட்டில் அகப்படும். வித்தியாசம் ஐந்து மடங்கு வந்தாலும், காபன் இறங்கியது என்று அதை வைத்துச் சொல்ல ஏலாது.

உண்மையிலேயே இறக்கத்தை அளக்க வேண்டுமென்றால் வாழைச்சேனையில் பலநாள் கலம் பிடித்து, மேடை விளிம்பைத் தாண்டி, 200 மீற்றரைவிட நன்றாக ஆழமுள்ள இடத்துக்குப் போங்கள். அதற்குக் காசில்லை என்றால் தலைப்பை ‘காபன் இருப்பும் மலத் துணிக்கை (இந்த உயிர்கள் கழிக்கும் சிறு மல உருளை) உற்பத்தியும்’ என்று மாற்றுங்கள். அது வாவியிலேயே செய்யக்கூடிய நல்ல வேலை.

நுண்வலை:
தலைப்பு எதுவானாலும் கன அளவு பிழைத்தால் எல்லாம் பிழைக்கும், ஆகவே அதை மட்டும் சொல்கிறேன். சாதாரண சுழலி பூட்டிய ஓட்டமானிகள் பலவற்றுக்கு மாறிலி 26,873. முன்பின் இலக்க வித்தியாசத்தை அதால் பெருக்கி 999,999 ஆல் பிரித்தால் தூரம் மீற்றரில் வரும். உங்களுடைய மானியின் கையேட்டில் வேறு மாறிலி இருந்தால் அதையே எடுங்கள். வித்தியாசம் 9,300 என்றால் தூரம் 250 மீற்றர். 57 சென்ரிமீற்றர் வாயின் பரப்பு 0.255 சதுர மீற்றர், ஆகவே வடித்த நீர் ஏறத்தாழ 64 கனமீற்றர்.

போட் 2 நொட் வேகத்தில் 4 நிமிடம் ஓடினால் 250 மீற்றருக்குக் கொஞ்சம் குறைவாக வரும். ஜீபிஎஸ் தூரத்தையும் ஒவ்வொரு தடவையும் எழுதி வையுங்கள். நீரோட்டத்தால் கொஞ்சம் முன்பின் இருக்கும். மானி அதைவிட வெகுவாகக் குறைத்துக் காட்டினால் வலைக்கண் அடைத்துவிட்டது என்று அர்த்தம், அந்த மாதிரியை எண்ணாதீர்கள். மானியை வாயின் நட்டநடுவில் கட்டாமல் நடுவுக்கும் விளிம்புக்கும் இடையில் கட்டுங்கள். வலையைத் தூக்கியதும் சுழலியைக் கையால் பிடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் காற்றில் சுற்றி இலக்கம் ஏறிவிடும். ஆட்கள் இதைத்தான் அடிக்கடி கோட்டை விடுவது.

கடலில் சாய்வாக இழுத்தால் விட்ட கயிற்றின் நீளம் ஆழமாகாது. கயிறு நிலைக்குத்திலிருந்து 45 பாகை சரிந்திருந்தால் 20 மீற்றர் கயிற்றுக்கு 14 மீற்றர் ஆழம்தான்.

வாவிக்கரைத் தம்பி:
நன்றி. தலைப்பை மாற்றப் பேசுகிறேன். வாவியில் வெள்ளோட்டமாக 5 நிமிடம் இழுத்தபோது சேகரிப்புக் குவளையில் பச்சைக் களி மட்டும்தான் வந்தது, இடையிடையே சொறி (ஜெலிமீன்). கோபிபொட் மிகக் குறைவு. வலை பிழையா?

நுண்வலை:
வலையில் பிழையில்லை, இடத்துக்குப் பொருந்தாத வலை. களி கண்ணை அடைத்தபிறகு நீர் உள்ளே போகாமல் வாய்க்கு வெளியால் விலகிப் போகும். மற்றது, வாவி போன்ற உவர்நீரில் ஒயிதோனா மாதிரிச் சின்னக் கோபிபொட்டுகளும் குடம்பிகளும் பெருமளவில் இருக்கும், அவை 200 மைக்றோன் கண்ணால் வழுகிப் போய்விடும். அதற்கு 60 முதல் 100 மைக்றோன் வேண்டும், ஆனால் நுண்கண் இன்னும் கெதியாக அடைக்கும். ஆகவே வாவிக்குள் இழுவையை விட்டுவிட்டு, அளவு குறித்த வாளியால் நூறு லீற்றர் நீரை 63 மைக்றோன் சல்லடையில் ஆறுதலாக வடியுங்கள். அடியைக் கலக்காமல் அள்ள வேண்டும். மேலேயும் நடுநீரிலும் பாதி பாதி எடுத்தால் நல்லது. கூனி போன்ற பெரியவை வாளிக்கு அகப்படாது. அவற்றுக்கு 200 மைக்றோன் வலையை ஒரு நிமிடம் மட்டும் இழுங்கள். சொறியை எடுத்துக் கழுவி, கழுவிய நீரை மாதிரியோடு சேர்த்து, அதன் கன அளவைத் தனியாகக் குறியுங்கள். அதைச் சேர்த்து நிறுத்தால் முழு நிறையும் நீர்தான்.

கல்லாற்று உப்பு:
போமலின் கேள்வி விடுபட்டுப் போச்சு. எண்ணுவதற்குப் போமலின், நிறுப்பதற்கு உறைநிலை. மாதிரியைப் படகிலேயே இரண்டாகப் பிரித்துவிடுங்கள். பிரிகருவி இல்லாவிட்டால் அளவு குறித்த முகவையில் நன்றாகக் கலக்கி, கலங்கியபடியே பாதியை ஊற்றலாம்.

எண்ணும் பாதிக்கு 9 பங்கு மாதிரிக்கு 1 பங்கு கடைப் போமலின், வெண்காரம் போட்டு அமிலத்தன்மை போக்கியது. வெண்காரம் இல்லாவிட்டால் சிப்பிக் குடம்பிகளின் ஓடு கரைந்துபோகும். உயிர்கள் போத்தலில் கால்வாசிக்கு மேல் இருந்தால் உள்ளே அழுகும். திறந்த இடத்தில், கையுறையோடு செய்யுங்கள். போமலின் புற்றுநோய்க் காரணி.

நிறுக்கும் பாதியைப் போமலின் படாமல் ஐஸில் கொண்டுவந்து உறையவையுங்கள். போமலினில் கிடந்தால் உடற்பொருள் கசிந்து உலர்நிறை குறையும், போமலினிலும் காபன் இருப்பதால் காபன் அளவும் கெடும். முன்கூட்டி நிறுத்த வடிதாளில் வடித்து, காய்ச்சி வடித்த நீரால் சில வினாடி மட்டும் கழுவி, 60 பாகையில் நிறை மாறாத வரை உலர்த்துங்கள். இந்தக் கழுவலைத் தவிர்க்க வேண்டாம். ஒரு மில்லிலீற்றர் கடல்நீர் 35 மில்லிகிராம் உப்பை விட்டுவிட்டுப் போகும், ஒரு சின்னக் கோபிபொட்டின் உலர்நிறையோ 0.01 மில்லிகிராமுக்குள். காபன் பகுப்பாய்வுக் கருவி கிடைக்காவிட்டால் கோபிபொட்டுக்கு உலர்நிறையில் 40 சதவீதம் காபன் என்று எடுக்கலாம். வாவியில் வடிதாளில் சேறும் சேர்ந்து நிறுபடும், ஆகவே அங்கே உருப்பெருக்கியில் பொறுக்கி எடுத்தவற்றை மட்டும் நிறுங்கள்.

என்றாவது ஆழ்கடல் மாதிரி கிடைத்தால் சுவாசக் கணக்கில் கவனம். உடல்நிறையையும் வெப்பநிலையையும் வைத்துச் சுவாசத்தைக் கணிக்கும், இக்கேடா என்ற ஆய்வாளரின் 1985ஆம் ஆண்டுச் சமன்பாட்டில் 0.1 மில்லிகிராம் உலர்நிறையுள்ள விலங்கு 15 பாகையில் 12 மணித்தியாலத்தில் ஏறத்தாழ 1.6 மைக்றோகிராம் காபனை வெளிவிடும், அதாவது தன் உடற்காபனில் 4 சதவீதம். அதே கணக்கில் பகல் தங்கும் ஆழத்தின் வெப்பநிலைக்குப் பதில் மேல்நீரின் 28 பாகையைப் போட்டால் விடை கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். ஆழ வெப்பநிலை அளக்காமல் இந்தக் கணக்கில் இறங்க வேண்டாம்.

ஒலுவில் அலை:
மலத் துணிக்கை வேலை செய்வதாக இருந்தால்: பிடித்த கையோடு உயிருள்ள கோபிபொட்டுகளை, 200 மைக்றோன் வலையால் பொய்யடி போட்ட ஒரு லீற்றர் போத்தலில், அதே இடத்து நீரோடு விடுங்கள். கண்ணால் வழுகாத பெரியவை மேலே நிற்கும், துணிக்கைகள் வலையால் கீழே விழும். இல்லாவிட்டால் தங்கள் மலத்தைத் தாங்களே உடைத்துத் தின்னும், எண்ணிக்கை குறையும். நம்முடைய வெப்பத்தில் குடல் ஒரு மணித்தியாலத்துக்குள் பெரும்பாலும் காலியாகும், ஆகவே பிடித்தபிறகு தாமதித்தால் முதல் துணிக்கைகள் வாளியிலேயே போய்விடும். 2 முதல் 4 மணித்தியாலம் இருட்டில் வைத்து, கீழ்நீரை 20 மைக்றோன் சல்லடையில் வடித்து எண்ணுங்கள். உயிர் போடாத போத்தல் ஒன்றும் கூடவே இருக்க வேண்டும், வாவி நீரில் பழைய துணிக்கைகள் ஏற்கெனவே மிதக்கும். 200 மைக்றோன் நீளமும் 40 மைக்றோன் அகலமும் உள்ள உருளையின் கன அளவு 0.00025 கன மில்லிமீற்றர்.

வாவித் துணிக்கையில் களிமண் சேர்ந்திருப்பதால் அது கெதியாக அமிழும், காபன் மட்டும் குறைவாக இருக்கும். வேகமாக அமிழ்வதைக் கண்டு ‘காபன் கூட இறங்குகிறது’ என்று எழுதிவிடாதீர்கள். மாரியில் முகத்துவாரத்தின் மணல் அடைப்பை வெட்டியதும் உவர்ப்பும் உயிர்களும் சேர்ந்து மாறும், ஆகவே வெட்டுமுன் ஒரு தொகுதி, வெட்டியபின் ஒரு தொகுதி எடுத்தால் ஒப்பிட நல்லது. கல்லடிக் கடல் மாதிரியை அந்த நேரத்துக்கு வைக்காமல், வாடைக் காற்று தொடங்குமுன் எடுத்துவிடுங்கள்.