சங்காராவைச் சாய்த்தது பிரான்ஸா, பிளேஸா?

செம்மண்காடன்:
நேற்று பாலைக்குயில் எழுதியது இது: "மக்களை எழுப்புகிற தலைவனுக்கு வல்லரசுதான் எதிரி. தாமஸ் சங்காராவைக் கொன்றது பிரான்ஸ்." படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. சங்காரா, பிரான்ஸின் பழைய காலனியான மேற்கு ஆப்பிரிக்க நாடு புர்கினா ஃபாசோவின் அதிபர். 1987 அக்டோபர் 15 அன்று தலைநகர் வாகடூகுவில் சங்காராவையும் உடனிருந்த 12 பேரையும் சுட்டவர்கள் புர்கினா ஃபாசோ சிப்பாய்கள். அடுத்த 27 ஆண்டுகள் நாட்டை ஆண்டவர் அவருடைய உயிர்த்தோழர் பிளேஸ் கொம்பவோரே. 1983இல் வீட்டுக்காவலில் கிடந்த சங்காராவை மீட்க, போ என்ற ஊரிலிருந்து கமாண்டோக்களைக் கூட்டிவந்ததும் இதே பிளேஸ்தான். 2022 ஏப்ரலில் இராணுவ நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. அந்தத் தீர்ப்பில் பிரான்ஸ் எங்கே?

பாலைக்குயில்:
வெளிநாட்டுத் தொடர்பு பற்றிய விசாரணையை அந்த வழக்கிலிருந்து தனியாகப் பிரித்துவிட்டார்கள். விசாரிக்காதவன் பெயர் தீர்ப்பில் எப்படி வரும்? ரகசிய ஆவணங்களைத் தருகிறோம் என்று பிரெஞ்சு அதிபர் மக்ரோன் வாக்குக் கொடுத்ததே 2017இல். 30 வருடம் மூடி வைத்திருந்தார்களே! மடியில் கனம் இல்லாதவனுக்கு வழியில் என்ன பயம்?

செம்மண்காடன்:
கேட்டது ஒரே கேள்வி. தீர்ப்பில் பிரான்ஸ் இருக்கிறதா, இல்லையா?

கடலோரக்காரன்:
1987 ஜூலையில் அடிஸ் அபாபாவில் ஆப்பிரிக்கத் தலைவர்கள் முன்னால் சங்காரா பேசியதைக் கேட்டிருக்கிறீர்களா? வெளிநாட்டுக் கடனைக் கட்ட வேண்டியதில்லை, எல்லோரும் சேர்ந்து மறுப்போம், புர்கினா மட்டும் தனியாக மறுத்தால் அடுத்த மாநாட்டில் நான் இருக்க மாட்டேன் என்றார். மூன்று மாதத்துக்குள் ஆள் இல்லை. சில வாரங்களில் 25 லட்சம் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்ட மனிதரை உள்ளூர்க்காரன் ஏன் வெறுக்க வேண்டும்?

செம்மண்காடன்:
ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள். 1984இல் வேலைநிறுத்தம் செய்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களை ஒரேயடியாக வீட்டுக்கு அனுப்பினார். அரசு ஊழியர்களின் வருமானத்தில் கைவைத்தார். மோசி குலத் தலைவர்களின் சலுகைகளைப் பறித்தார். மந்திரிகளின் மெர்சிடிஸ் கார்களை விற்று சின்ன ரெனோ 5 கார்களில் ஏற்றினார். நல்லது செய்தார், மறுக்கவில்லை. ஆனால் அதிகாரத்தை ருசித்தவன் எவனும் அதை மன்னிக்க மாட்டான். தலைநகரில் இத்தனை பேர் கடுப்பில் இருந்ததால்தான் பிளேஸுக்குத் துணிச்சல் வந்தது. இதற்குப் பாரிஸ் தேவையே இல்லை.

பாலைக்குயில்:
2014இல் மக்கள் விரட்டியபோது பிளேஸைப் பத்திரமாக வெளியேற்ற உதவியது யார்? பிரான்ஸ். அதிபர் ஒல்லாந்தே ஒப்புக்கொண்டார். சும்மாவா செய்வார்கள்?

செம்மண்காடன்:
2014இல் காப்பாற்றினால் 1987இல் கொன்றதாகிவிடுமா? நன்றாக இருக்கிறது கணக்கு. மறுபடியும் கேட்கிறேன், தீர்ப்பில் பிரான்ஸ் எங்கே?

பாலைக்குயில்:
காங்கோவின் முதல் பிரதமர் லுமும்பாவைப் பற்றிப் பேசியபோதும் இதே பாட்டுத்தான் பாடினீர்கள், நான் மறக்கவில்லை. 1961இல் நடந்த அவர் கொலைக்குப் பெல்ஜியத்துக்குத் தார்மீகப் பொறுப்பு உண்டு என்று பெல்ஜிய நாடாளுமன்றக் குழு சொல்ல 40 வருடம் ஆனது. அதுவரை உங்களைப் போன்றவர்கள் "ஆதாரம் எங்கே" என்றே கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

செம்மண்காடன்:
லுமும்பா வேறு, சங்காரா வேறு. அன்றைக்குப் பதில் சொல்ல முடியாமல் பாதியில் ஓடியது நீங்கள். சங்காராவை எனக்குப் பிடிக்கும், உங்களைவிட அதிகமாகவே பிடிக்கும். அதனால்தான் கூட இருந்தே குழிபறித்தவனைத் தப்பவிட மனம் வரவில்லை. எல்லாப் பழியையும் பாரிஸ் பக்கம் தள்ளினால் பிளேஸுக்குத்தான் கொண்டாட்டம்.

நெல்லைத்தம்பி:
அண்ணன்மாரே, ஆசிரியர்கள் விஷயத்தை இவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டுப் போகிறீர்களே? வேலைநிறுத்தம் செய்தவனை நீக்குகிறவர் எப்படி மக்கள் தலைவர்? என் அப்பாவும் வாத்தியார்தான்.

கடலோரக்காரன்:
தம்பி, அது ஆட்சியைக் கவிழ்க்கத் தூண்டிவிட்ட வேலைநிறுத்தம் என்பது சங்காரா தரப்பு வாதம். முழுசாகப் படித்துவிட்டு வாருங்கள்.

நெல்லைத்தம்பி:
எல்லா அரசும் அதைத்தான் சொல்லும். நீக்கியது உண்மையா, இல்லையா?

செம்மண்காடன்:
உண்மைதான், நான்தான் முதலில் சொன்னேன். பாலைக்குயில், நீங்கள் இன்னும் என் கேள்விக்கு வரவில்லை.

பாலைக்குயில்:
பதில் சொல்லி ரொம்ப நேரமாகிறது. மேலே போய்ப் படியுங்கள்.