பிரஷர் மாத்திரையா, கேஸ் மாத்திரையா? விறைப்புக் குறைவுக்கு எதைச் சந்தேகப்படுவது?

ஊத்தங்கரை வாசி

வணக்கம். மச்சானுக்காகக் கேட்கிறேன். வயசு 48. சுகர் ஆறு வருஷமா இருக்கு, மெட்ஃபார்மின் 500 காலை ஒண்ணு ராத்திரி ஒண்ணு. மூணு மாசம் முன்னாடி பிரஷர் 160/100 காட்டுச்சு. அதுலேர்ந்து அடெனலால் 50, ஹைட்ரோகுளோரோதயசைடு 12.5. வயிறு உப்புசத்துக்கு ரபிப்ரசோலும் லிவோசல்பிரைடும் சேர்ந்த கேப்சூல், மெடிக்கல்ல கேட்டு வாங்கித் தினமும் போடுறார். இப்போ விறைப்பு பாதியிலேயே தளர்ந்துடுது, ஆசையும் குறைஞ்சுபோச்சு. எது காரணம்? பிரஷர் மாத்திரையை நிறுத்திப் பார்க்கலாமா? பஸ் ஸ்டாண்டு சுவரில் ஒட்டியிருக்கிற லாட்ஜ் வைத்தியர் லேகியம் சரிப்படுமா?

மருந்தாளுநர், தர்மபுரி

அடெனலாலை ஒரே நாளில் நிறுத்தவே கூடாதுங்க. அது இதயத்தில் அட்ரினலின் வேலையைத் தடுத்துக்கொண்டே இருக்கும். திடீரென்று எடுத்துவிட்டால் துடிப்பு எகிறும், பிரஷர் ஏறும், இதய ரத்தக்குழாயில் ஏற்கெனவே அடைப்பு இருந்தால் மாரடைப்பு வரைக்கும் போகும். மாற்றுவதென்றால் மருத்துவர் சொல்படி 25க்குக் குறைத்து, ஒன்று இரண்டு வாரம் கழித்துத்தான் விட வேண்டும்.

மூன்றில் நான் முதலில் சந்தேகப்படுவது கேஸ் கேப்சூலைத்தான். யாரும் அதை மருந்துக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. லிவோசல்பிரைடு மூளையில் டோபமைன் என்கிற ரசாயனத்தின் வேலையைத் தடுக்கிறது. அதனால் புரொலாக்டின் (பால் சுரக்க வைக்கும் ஹார்மோன்) ஏறுகிறது, அது ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனை இறக்குகிறது. அதில் முதலில் அடிபடுவது ஆசை, அப்புறம் விறைப்பு. சிலருக்கு மார்பு வீங்கி வலிக்கும். டோம்பெரிடோன் கலந்த கேப்சூலும் இதே வழிதான். மாதக்கணக்கில் தானாக வாங்கிப் போடுகிற மருந்தல்ல இது. மருத்துவரிடம் கேட்டுவிட்டு, அமிலத்துக்கு வெறும் ரபிப்ரசோல் போதுமா என்று பாருங்கள். ரத்தப் பரிசோதனையில் புரொலாக்டின் கூடுதலாக வந்தால், மருத்துவர் சம்மதத்தோடு கேப்சூலை 3 நாள் விட்டு மறுபடி பார்த்தால் மருந்தால் ஏறியதா என்று தெரியும்.

பிரஷருக்கு வருவோம். அடெனலால், புரோப்ரனலால், மெட்டோப்ரலால் மூன்றுக்கும் இந்தப் புகார் உண்டு. அதே வகையில் நெபிவலால் ரத்தக்குழாயை விரிக்கவும் செய்வதால் தொல்லை குறைவு. தயசைடு வகையும் குற்றவாளிதான், ஆனால் 12.5 சின்ன அளவு. டெல்மிசார்டன், லோசார்டன், அம்லோடிபின் இவை பொதுவாகக் கை வைப்பதில்லை. இதய நோய் இல்லாத சுகர்காரருக்கு டெல்மிசார்டன் 40 நல்ல மாற்று, சிறுநீரகத்துக்கும் காவல். தொடங்குமுன்னும், இரண்டு வாரம் கழித்தும் ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரக அளவீடு), பொட்டாசியம் பார்க்க வேண்டும். மெட்ஃபார்மின் மேல் பழி போட வேண்டாம்.

ஓசூர் செவிலியர்

மேலே சொன்னது சரி, ஆனால் மாத்திரையை மட்டும் பிடித்துத் தொங்க வேண்டாம் சார். 2003இல் வெளியான ஒரு ஆய்வில் 96 ஆண்களுக்கு அடெனலால் 50 கொடுத்தார்கள், மூன்று பிரிவாக. என்ன மருந்து என்றே தெரியாத 32 பேரில் ஒருவருக்குத்தான் விறைப்புக் கோளாறு. மருந்தின் பெயர் மட்டும் தெரிந்தவர்களில் 5 பேருக்கு. இந்தப் பக்க விளைவு வரலாம் என்று சொல்லப்பட்டவர்களில் 10 பேருக்கு! மாத்திரையை விட அதைப் பற்றிய பயம் அதிகம் படுத்துகிறது. (ஆகவே இந்தப் பக்கத்தை மச்சானிடம் அப்படியே படித்துக் காட்ட வேண்டாம்.)

அவரிடம் கேட்க வேண்டியது, விடியற்காலையில் தானாக விறைப்பு வருகிறதா என்பது. நன்றாக வந்தால் நரம்பும் குழாயும் பெரும்பாலும் சரி, மனக்கவலைதான் இடம் பிடித்திருக்கும். அதுவும் இல்லை, பல மாதமாகப் படிப்படியாகக் குறைந்தது என்றால் சுகர் நரம்பையும் குழாயையும் அரித்திருக்கலாம். ஆணுறுப்பின் ரத்தக்குழாய் இதயக் குழாயைவிடக் குறுகல், அடைப்பு அங்கேதான் முதலில் தெரியும். அதனால் ஹெச்பிஏ1சி (மூன்று மாத சராசரி சுகர்), கொழுப்பு, ஈசிஜி, காலை 10 மணிக்குள் எடுத்த டெஸ்டோஸ்டிரோன், புரொலாக்டின் எல்லாம் பார்த்துவிடுங்கள். டெஸ்டோஸ்டிரோன் குறைவாக வந்தால் இன்னொரு நாள் காலையில் மறுபடி எடுத்தால்தான் கணக்கு.

வேறு மாத்திரை ஏதும் மறைத்திருக்கிறாரா என்றும் கேளுங்கள். மனச்சோர்வுக்கான எஸ்சிட்டலோபிராம், பராக்ஸெட்டின் விந்து வெளியேறுவதைத் தாமதமாக்கும். முடி உதிர்வுக்கு ஃபினாஸ்டிரைடு ஆசையைக் குறைக்கலாம். புராஸ்டேட்டுக்கான டாம்சுலோசின், சிலோடோசினில் விறைப்பு இருக்கும், விந்து மட்டும் வராமல் போகலாம். நரம்பு எரிச்சலுக்கான பிரிகாபலினையும் விட்டுவிடாதீர்கள்.

ஊத்தங்கரை வாசி

நன்றிங்க. விடியற்காலை விறைப்பு இருக்காம். மாத்திரை மாத்துற வரைக்கும் சில்டெனாஃபில் (வயாகரா) போடலாமா?

மருந்தாளுநர், தர்மபுரி

மருத்துவர் சீட்டு இருந்தால்தான். அதற்கு முன் ஒரே கேள்வி: நெஞ்சுவலிக்கான நைட்ரேட் வகை (நாக்கடியில் வைக்கிற சார்பிட்ரேட், ஐசோசார்பைடு) அல்லது நிக்கோரண்டில் எதுவும் உண்டா? உண்டென்றால் சில்டெனாஃபில் பக்கமே போகக் கூடாது, இரண்டும் சேர்ந்தால் பிரஷர் அதலபாதாளத்துக்கு இறங்கும். தெரியாமல் சில்டெனாஃபில் போட்டபின் நெஞ்சுவலி வந்தால் 24 மணி நேரத்துக்கும், அதே வகை டாடலாஃபில் என்றால் 48 மணி நேரத்துக்கும் நைட்ரேட் தரக் கூடாது; ஆஸ்பத்திரியில் முதல் வார்த்தையாக அதைச் சொல்ல வேண்டும், வெட்கப்படாமல்.

தடையில்லை என்றால் வழக்கமாக 50 மி.கி., ஒரு மணி நேரம் முன்னால், ஒரு நாளைக்கு ஒரு தடவை. வயிறு முட்டப் பிரியாணி சாப்பிட்டுப் போட்டால் வேலை செய்யத் தாமதமாகும். கிளர்ச்சி இல்லாமல் மாத்திரை தானாக எழுப்பாது. முதல் தடவை தோற்றால் கைவிட வேண்டாம். 4 மணி நேரம் தாண்டியும் விறைப்பு இறங்காவிட்டால் உடனே பெரிய ஆஸ்பத்திரி.

லேகியம் வேண்டவே வேண்டாம். "மூலிகை" என்று விற்ற வீரியப் பொடிகளில் சில்டெனாஃபில் கலந்திருந்தது பல நாட்டு ஆய்வகங்களில் பிடிபட்டிருக்கிறது. எவ்வளவு கலந்திருக்கிறது என்று தெரியாமல் சாப்பிடுவது சார்பிட்ரேட் போடுகிறவருக்கு எமன்.

ஓசூர் செவிலியர்

ஒன்று விட்டுப்போச்சு. மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே மாத்திரை வருகிறவர்கள் தனியாரிடம் மருந்தை மாற்றினால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லிப் பதிவை மாற்றச் சொல்லுங்கள். 2021 ஆகஸ்ட் 5இல் நம்ம கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் திட்டமே தொடங்கியது, வீடு தேடி வருவது பெரிய வசதிதான். ஆனால் பதிவை மாற்றாவிட்டால் பழைய மாத்திரை அட்டையும் வந்துகொண்டே இருக்கும். அடெனலாலும் நெபிவலாலும் சேர்த்துப் போட்டு நாடித்துடிப்பு 50க்குக் கீழே இறங்கித் தலைசுற்றி விழுவது இப்படித்தான். பழைய அட்டையை டப்பாவிலிருந்து எடுத்துத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.