‘மாவட்டம்’ வேண்டாம்: கடைத்தெருவைப் பேணும் ஏற்பாட்டுக்கு ஒரு தமிழ்ச் சொல்

பொருள்: பிசினஸ் இம்ப்ரூவ்மென்ட் டிஸ்ட்ரிக்ட், தமிழில் எப்படிச் சொல்வது?

அன்பர்களுக்கு வணக்கம்.

நகரத் திட்டமிடல் பற்றிய கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். கடைத்தெருக்களைப் பற்றிய இயலில் ‘பிசினஸ் இம்ப்ரூவ்மென்ட் டிஸ்ட்ரிக்ட்’ என்ற தொடர் பக்கத்துக்குப் பத்து முறை வருகிறது. ஒரு கடைத்தெருவில் உள்ளவர்கள் சேர்ந்து பணம் கட்டித் தெருவைப் பேணும் ஏற்பாடு அது. முதல் வரைவில் ‘வணிக மேம்பாட்டு மாவட்டம்’ என்று போட்டேன். படித்துப் பார்த்த தோழி, “இதற்குக் கலெக்டர் யார்?” என்று கேட்டுவிட்டாள். அதோடு அந்தச் சொல்லை அடித்துவிட்டேன்.

அங்கே கட்டும் பணத்தைக் குறிக்கும் ‘லெவி’, தெருவுக்கு வந்துபோகும் ஆட்களின் கணக்கைக் குறிக்கும் ‘ஃபுட்ஃபால்’ இரண்டுக்கும் சொல் வேண்டும். ‘ஃபுட்ஃபால்’ என்பதை ஒரு மென்பொருள் ‘காலடி வீழ்ச்சி’ என்று பெயர்த்துக் கொடுத்தது. சிரித்துவிட்டு மூடிவைத்தேன். உதவுங்கள்.

——

மறு: பிசினஸ் இம்ப்ரூவ்மென்ட் டிஸ்ட்ரிக்ட், தமிழில் எப்படிச் சொல்வது?

வணக்கம் அம்மா.

உங்கள் தோழி விளையாட்டாகக் கேட்டிருக்கலாம், ஆனால் சிக்கல் அங்கேதான் இருக்கிறது. மாவட்டத்தை விட்டு ‘வட்டம்’ என்றால் தாசில்தார் வந்துவிடுவார். ‘மண்டலம்’ என்றால், சிறப்புப் பொருளாதார மண்டலம் என்று கேட்டுப் பழகிய காதுக்கு அங்கே வரிச்சலுகை உண்டு என்று படும். இதுவோ நேர் எதிர். வழக்கமான வரியையும் கட்டி, அதற்கு மேலும் கொஞ்சம் கட்டுகிற இடம் இது.

சொல்லைத் தேடுமுன் பொருளைப் பார்த்துவிடலாம். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இது தொடங்கிய இடம் கனடாவின் டொராண்டோ நகரில் உள்ள புளூர் வெஸ்ட் வில்லேஜ் என்ற கடைத்தெரு. ஆண்டு 1970. அதற்குமுன் அந்தத் தெருவில் டிராம் ஓடியது. 1968இல் சுரங்க ரயில் அந்தப் பக்கம் நீண்டதும், சன்னல் வழியாகக் கடைகளைப் பார்த்துக்கொண்டே போனவர்கள் பூமிக்கடியில் போக ஆரம்பித்தார்கள். இன்னொரு பக்கம், கார் நிறுத்த தாராளமாக இடம் வைத்துக்கொண்டு புறநகர் மால்கள் இழுத்தன. தெருவை அழகுபடுத்தலாம் என்றால் யார் பணம் போடுவது? விருப்பப்பட்டவர் சந்தா கட்டலாம் என்று விட்டால் பாதிப் பேர் கட்டுவார்கள், விளக்கு எல்லார் கடை வாசலிலும் எரியும். கட்டாதவருக்கும் அதே வெளிச்சம். இந்தக் கணக்கு எந்தச் சங்கத்திலும் நெடுநாள் ஓடாது. அதனால் வணிகர்களே போய், “எல்லாரும் கட்டியாக வேண்டும் என்று சட்டத்தில் இடம் செய்துகொடுங்கள்” என்று கேட்டார்கள். ஒன்டாரியோ மாகாணம் இடம் கொடுத்தது. நகராட்சி எல்லையை வரைந்தது, வரியோடு சேர்த்து வசூலித்தது, வசூலானதைத் தெருவின் வாரியத்திடம் கொடுத்தது. விளக்கு, பெஞ்சு, பூந்தொட்டி, பண்டிகைக்கால அலங்காரம் எல்லாம் அந்தப் பணத்தில் வந்தவை.

அங்கிருந்து இது பல நாடுகளுக்குப் போனது. அமெரிக்காவில் 1970களின் நடுவில் நியூ ஆர்லியன்ஸ் முதலில் எடுத்துக்கொண்டது. நியூயார்க்கில் மட்டும் இன்று எழுபதுக்கு மேல். கேப்டவுனில் 2000, ஹாம்பர்க்கில் 2005. இங்கிலாந்தில் 2003ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு 2005இல் கிங்ஸ்டனில் தொடங்கியது. ஒன்று கவனியுங்கள்: பிறந்த வீட்டில் இதற்கு ‘டிஸ்ட்ரிக்ட்’ என்ற பெயரே இல்லை, கனடாவில் ‘ஏரியா’தான். கேப்டவுனில் ‘பிசினஸ்’ போய் ‘சிட்டி’ வந்துவிட்டது. அவர்களே இப்படி மாற்றிக்கொள்ளும்போது நாம் மட்டும் ஏன் சொல்லுக்குச் சொல் கட்டி இழுக்க வேண்டும்?

நான் இங்கிலாந்தில் இப்படிப்பட்ட ஒரு தெருவில் நான்கு ஆண்டு கடைக் கணக்கு எழுதியவன். காலையில் ஷட்டரைத் தூக்குமுன் சீருடை போட்ட ஒருவர் நீராவி இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு வருவார். நடைபாதையில் மிதிபட்டுக் கறுத்த சூயிங்கம் பொட்டுகளை ஒவ்வொன்றாகச் சூடு காட்டி, தேய்த்து எடுப்பார். ஒரு பொட்டு, அடுத்த பொட்டு என்று காலை முழுக்க இருபது முப்பதடி நகர்ந்திருப்பார். நகராட்சியும் பெருக்கியது, ஆனால் பொட்டு எடுக்காது. இந்த ஏற்பாட்டின் உயிர் அந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது. நகராட்சி எந்த அளவு வேலை செய்கிறது என்று முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்வார்கள். இல்லாவிட்டால் நாம் கட்டும் பணத்தைக் காட்டி அவர்கள் தங்கள் துடைப்பத்தைக் கீழே வைத்துவிடுவார்கள். உங்கள் கையேட்டில் ‘பேஸ்லைன்’ என்று வருவது இதுதான். ‘அடிப்படைச் சேவை உடன்பாடு’ என்று போடுங்கள்.

சுவர்க்கிறுக்கலை அழிப்பது, வழி கேட்பவருக்கு வழி சொல்வது, கடைத் திருட்டுச் செய்தியைக் கடைக்குக் கடை ரேடியோவில் சொல்வது, பூக்கூடை தொங்கவிடுவது, விழா நடத்துவது, தெருவுக்கென்று ஒரு சின்னம் வரைந்து விளம்பரம் செய்வது எல்லாம் உண்டு. கம்பத்தின் மேல் ஓர் எண்ணும் கருவி வைத்து எத்தனை பேர் கடந்து போகிறார்கள் என்று கணக்கெடுப்பார்கள். அதுதான் உங்கள் ‘காலடி வீழ்ச்சி’. தமிழில் ‘ஆள்நடமாட்டம்’ என்ற சொல் இருக்கிறது. தெருவில் ஆள்நடமாட்டமே இல்லை என்று எல்லாரும் சொல்கிறோமே, அதையேதான் அங்கே எண்ணுகிறார்கள்.

இனி ‘லெவி’. இதில்தான் முடிச்சு. இங்கிலாந்தில் கடை நடத்துபவர்களிடம் வாக்கெடுப்பு நடக்கும். வாக்களித்தவர்களில் எண்ணிக்கையிலும் பெரும்பான்மை வேண்டும், அவர்களுடைய கடைகளின் வரிமதிப்பிலும் பெரும்பான்மை வேண்டும். அறுபது பேர் வாக்களித்து நாற்பது சிறு கடைகள் ஆம் என்றாலும், வேண்டாம் என்ற இருபதும் பெரிய கடைகளாக இருந்து அவற்றின் மதிப்பு கூடிவிட்டால் தோற்றுவிடும். வென்றுவிட்டால், வேண்டாம் என்றவரும் வாக்களிக்காதவரும் சேர்ந்துதான் கட்ட வேண்டும். ஐந்தாண்டுக்கு மேல் ஓடாது. அப்புறம் மறுபடியும் வாக்கெடுப்பு.

இப்போது சொற்களை நிறுத்துப் பாருங்கள். ‘வரி’ என்றால் அரசு விதித்து அரசே செலவழிப்பது. ‘சந்தா’வை வேண்டாம் என்றால் நிறுத்திவிடலாம். ‘கட்டணம்’ பயன்படுத்தியவர் மட்டும் கொடுப்பது. ‘தீர்வை’ சுங்கச்சாவடிப் பக்கம் போகிறது. வணிகர்கள் தங்களுக்குள் கூடி, பொதுக் காரியத்துக்கு இவ்வளவு என்று வருவாயில் ஒதுக்கும் பணத்துக்கு நம்மிடம் ‘மகமை’ என்று ஒரு சொல் இருக்கிறதே, அது தூங்கிக்கொண்டிருக்கிறது. லெவியை மகமை என்றும், இந்த ஏற்பாட்டை ‘மகமைப் பகுதி’ என்றும் சொல்லலாம் என்பது என் முன்மொழிவு. வேறு பகுதிகளிலிருந்து இதைப் பிரித்துக் காட்டுவது அந்தப் பணம்தான், எல்லைக்கோடு அதற்குப் பின்னால் வருவது.

——

மறு: மறு: பிசினஸ் இம்ப்ரூவ்மென்ட் டிஸ்ட்ரிக்ட்

ஐயா, ஆள்நடமாட்டத்துக்கு இரு கையும் தூக்குகிறேன். மகமைக்கு ஒரு கைதான்.

மகமையில் கோயில் வாடை இருக்கிறது, குழு வாடை இருக்கிறது. கொடுக்காவிட்டால் ஊர் ஏதாவது சொல்லும், நீதிமன்றம் ஒன்றும் சொல்லாது. உங்கள் லெவியைக் கட்டாதவருக்கோ அழைப்பாணை வரும். இந்த வேறுபாட்டை மறைக்கும் சொல் நல்ல கலைச்சொல் ஆகாது.

‘மேம்பாடு’ போனதில் எனக்கு மகிழ்ச்சி, ஆனால் அதற்கு நீங்கள் காரணம் சொல்லவில்லை. நான் சொல்கிறேன். அது விளம்பரச் சொல். யாருக்கு மேம்பாடு? தெருவில் படுத்திருப்பவரைச் சீருடைக்காரர் எழுப்பி அனுப்பினால் அவருக்கு அது மேம்பாடா? வாடகை ஏறி வெளியேறிய சின்னக் கடைக்கு? நியூயார்க்கில் கிராண்ட் சென்ட்ரல் பகுதியில் குடியிருந்தவர்கள், வாரியத்தில் சொத்துக்காரர் கை ஓங்கியிருக்கிறது, எங்கள் வாக்குக்கும் அதே எடை வேண்டும் என்று வழக்குப் போட்டார்கள். 1998இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், இது குறுகிய நோக்கம் கொண்ட அமைப்பு, ஆளுக்கொரு வாக்கு என்ற விதி இதற்குப் பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. சட்டப்படி சரியாகவே இருக்கட்டும். அதைத் தமிழில் ‘மேம்பாடு’ என்று நாம் ஏன் முன்கூட்டியே பாராட்ட வேண்டும்?

என் பரிந்துரை: ‘வணிகர் கூட்டுவரிப் பகுதி’. அழகில்லை, ஆனால் ஏமாற்றாது.

——

மறு: மறு: மறு: பிசினஸ் இம்ப்ரூவ்மென்ட் டிஸ்ட்ரிக்ட்

மேம்பாட்டைப் பற்றி நீங்கள் சொன்னது எனக்குத் தோன்றவில்லை. முழுதாக ஏற்கிறேன். உண்மையில் நான் அதை விட்டது சோம்பலால், சொல் நீளமாகிறதே என்று.

‘கூட்டுவரி’யில் எனக்குத் தயக்கம். கேட்பவர் கூட்டு வட்டி மாதிரி ஏதோ என்று நினைப்பார். வரி என்ற சொல் வந்தாலே பணம் அரசுக் கருவூலத்துக்குப் போகிறது என்ற எண்ணம் வந்துவிடும். நியூயார்க்கில் நகராட்சிதான் வசூலிக்கிறது, ஆனால் வசூலித்ததை அப்படியே அந்தந்தப் பகுதியின் அமைப்பிடம் கொடுத்துவிடுகிறது. நகராட்சி இங்கே கை மட்டும்தான்.

கட்டாயம் பற்றிய உங்கள் மறுப்பு வலுவானது. ஆனால் இதில் கட்டாயம் பிறக்கும் விதத்தைப் பாருங்கள், கூடி முடிவெடுக்கும்வரை விருப்பம், எடுத்தபின் யாரும் நழுவ முடியாது. மகமையும் அப்படித்தான், தண்டிப்பவர் மட்டும் வேறு. அந்த இடைவெளியை ஒரு அடைமொழியால் நிரப்பலாம்: ‘சட்ட மகமை’. முதல் தடவை அப்படிச் சொல்லிவிட்டு அப்புறம் மகமை என்று மட்டும் எழுதலாம்.

இன்னொரு எச்சரிக்கை. ‘வாக்கெடுப்பு’ என்று எல்லா நாட்டுக்கும் போட்டுவிடாதீர்கள். ஒன்டாரியோவில் அறிவிப்பு அனுப்புவார்கள். அதைத் தடுக்க வேண்டுமானால் அறுபது நாளுக்குள் உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினர் மறுப்பு எழுத வேண்டும், வரித்தொகையிலும் அவர்கள் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது. அப்படி வராவிட்டால் நகராட்சி நிறைவேற்றலாம். கடிதத்தைப் பிரிக்காமல் மேசையில் போட்டவரும் அங்கே சம்மதித்தவர்தான். அதற்கு ‘மறுப்புக் கோரல்’ என்று தனிச்சொல் வைக்க வேண்டும். அதேபோல், இங்கிலாந்தில் கட்டுபவர் கடை நடத்துபவர், அமெரிக்காவில் பெரும்பாலும், ஹாம்பர்க்கிலும், சொத்தின் உரிமையாளர். உரிமையாளர் அதை வாடகையில் ஏற்றிவிடுவது வேறு கதை. ஆகவே ‘வணிகர்’ என்று பெயரில் வைத்தால் பாதி நாடுகளுக்குப் பொய்யாகும். ‘வணிக’ என்றால் போதும்.

——

மறு: மறு: மறு: மறு: பிசினஸ் இம்ப்ரூவ்மென்ட் டிஸ்ட்ரிக்ட்

இருவருக்கும் நன்றி. கையேட்டில் இப்படி எழுதிப் பார்த்தேன்:

“வணிக மகமைப் பகுதி என்பது, ஒரு தெருவிலோ சில தெருக்களிலோ உள்ள கடைக்காரர்களோ சொத்துக்காரர்களோ தங்கள் மீது தாங்களே சட்ட மகமை விதித்துக்கொண்டு, நகராட்சி செய்வதற்கு மேலான பராமரிப்பையும் விளம்பரத்தையும் நடத்திக்கொள்ளும் எல்லை.”

தோழியிடம் மறுபடி காட்டினேன். இம்முறை கலெக்டரைத் தேடவில்லை. “ஓ, கடைக்காரங்க சேர்ந்து காசு போட்டுத் தெருவைப் பார்த்துக்கிறாங்களா?” என்றாள். “எல்லாரும் கட்டணுமா?” என்றும் கேட்டாள். சட்ட என்ற சொல்லைச் சுட்டிக் காட்டினேன்.

ஒரே ஐயம். பதிப்பாசிரியர் ‘மகமை பகுதி’ என்று ப் இல்லாமல் திருத்தி அனுப்பியிருக்கிறார். மகமை கட்டும் பகுதி என்று விரியும்போது வலி மிகும் என்று நினைக்கிறேன். சரிதானா?

——

மறு: மறு: மறு: மறு: மறு: பிசினஸ் இம்ப்ரூவ்மென்ட் டிஸ்ட்ரிக்ட்

மிகும். ப் இருக்கட்டும்.

கூட்டுவரியை நான் இன்னும் திரும்பப் பெறவில்லை.