"4.35" × 100 = 434? எழுத்தை டபுளாக மாற்றும்போது வரும் பிழை

கேள்வி:
சி மொழியில் ஒரு சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த) கோப்பைப் படிக்கிறேன். அதிலுள்ள எழுத்தை டபுளாக (double, பின்ன எண்களை வைக்கும் வகை) மாற்ற நானே ஒரு ஃபங்ஷன் எழுதியிருக்கிறேன். புள்ளிக்குப் பின்னால் வரும் இலக்கங்களை 0.1, 0.01, 0.001 என்று பெருக்கிக் கூட்டுகிறது. சில எண்களில் கடைசி இலக்கம் இதே வேலையைச் செய்யும் நூலக ஃபங்ஷன் ஸ்டிர்-டு-டி (strtod) தரும் விடையோடு ஒத்துப்போகவில்லை. ஸ்டிர்-டு-டியையே அழைத்தாலும், "4.35"ஐ 100ஆல் பெருக்கி இன்ட் (முழு எண்) ஆக்கினால் 434தான் வருகிறது. எங்கே திருத்துவது?

மறுமொழி 1:
இவை இரண்டு தனித்தனிப் பிழைகள். முதலாவது உங்கள் ஃபங்ஷனில் இருக்கிறது. 0.1ஐ பைனரியில் துல்லியமாக எழுத முடியாது, சேமிக்கப்படுவது 0.10000000000000000555… அதோடு ஒவ்வொரு பெருக்கலிலும் கூட்டலிலும் ஒரு ரவுண்டிங் (அருகிலுள்ள எண்ணுக்கு மாற்றுவது) சேருகிறது. புள்ளியை விட்டுவிட்டு எல்லா இலக்கங்களையும் 64 பிட் முழு எண்ணில் சேருங்கள், கடைசியில் டபுளாக்கி ஒரே ஒரு முறை வகுங்கள்: 435.0 / 100.0. 0.01ஆல் பெருக்கக் கூடாது. 100 துல்லியமான எண், 0.01 அப்படியில்லை. ஐஇஇஇ 754 (பின்ன எண் கணக்குக்கான தரநிலை) வகுத்தலில் ரவுண்டிங் ஒரே முறைதான் நடக்கும் என்பதால் மிக அருகிலுள்ள டபுள் கிடைக்கும். முழு எண் 9007199254740992ஐ (2இன் 53ஆம் அடுக்கு) தாண்டாமலும், வகுக்கும் எண் 10இன் 22ஆம் அடுக்கைத் தாண்டாமலும் இருந்தால்தான் இது செல்லும். தாண்டினால் ஸ்டிர்-டு-டியிடம் விட்டுவிடுங்கள். அந்த வேலையைக் கையால் எழுதுவது வீண்.

மறுமொழி 2:
434 வருவதற்கு மாற்றும் ஃபங்ஷன் காரணமில்லை. 4.35க்கு மிக அருகிலுள்ள டபுளே 4.34999999999999964… அதை 100ஆல் பெருக்கினால் 434.99999999999994, இன்ட் பின்னத்தை வெட்டிவிடுகிறது. எல்எல்ரவுண்ட் (llround, அருகிலுள்ள முழு எண்ணைத் தரும் ஃபங்ஷன்) போட்டால் 435 வரும். ஆனால் இது பணத் தொகை என்றால் டபுள் பக்கமே போகாதீர்கள். மேலே சொன்ன முறையில் வகுப்பதற்கு முன்பே 435 கையில் இருக்கிறதே! "4.3" வந்தால் 430, "4" வந்தால் 400 என்று நிரப்புங்கள். மூன்றாவது இலக்கம் இருந்தால் எழுத்து நிலையிலேயே ரவுண்ட் செய்யுங்கள்: "1.005" டபுளானதும் 1.005ஐ விடச் சற்றுக் குறைந்துவிடும், இரண்டு இலக்கத்துக்கு 1.00தான் கிடைக்கும். "-0.35"இல் குறியைத் தனியாக வைத்திருங்கள், முழுப் பகுதியிலிருந்து எடுத்தால் மைனஸ் தொலைந்துவிடும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. 16 இலக்க அடையாள எண்களும் அதே கோப்பில் உள்ளன. அவற்றையும் டபுளில் வைக்கலாமா?

மறுமொழி 1:
வேண்டாம். 9007199254740993 கொடுத்தால் 9007199254740992 ஆகிவிடும். கணக்கிடாத எண் எழுத்தாகவே இருக்கட்டும்.

மறுமொழி 3:
ஸ்டிர்-டு-டி லொகேலை (நாடு, மொழிக்கேற்ற அமைப்பு) பார்த்து நடக்கும். தசமக் குறி காற்புள்ளி என்று இருந்தால் "4.35"இல் 4ஓடு நின்றுவிடும், பிழைச் செய்தியும் வராது. அது எந்த எழுத்தில் நின்றது என்பதை அதற்கு இரண்டாவதாகக் கொடுக்கும் சுட்டியில் (pointer) சோதியுங்கள். டபுளைத் திரும்பக் கோப்பில் எழுதும்போது 17 இலக்கங்கள் எழுதுங்கள். 15 மட்டும் எழுதினால் படிக்கும்போது அதே டபுள் வருமென்று உறுதியில்லை.