அருகில் யாருமில்லாத குறு விண்மீன் மண்டலம் ஏன் ஒழுங்கற்றிருக்கிறது?

கோட்டூர்புரம் மாணவி:
முதுகலை இயற்பியல் படிக்கிறேன். அண்டை மண்டலங்களின் ஈர்ப்பால்தான் விண்மீன் மண்டலங்கள் உருக்குலைகின்றன என்று எண்ணியிருந்தேன். ஆனால் நம்மிடமிருந்து ஏறத்தாழ 30 லட்சம் ஒளியாண்டு தொலைவிலுள்ள டபிள்யூ.எல்.எம். (வுல்ஃப்-லுண்ட்மார்க்-மெலோட்) என்ற குறு மண்டலத்தின் அருகில் பெரிய மண்டலம் எதுவுமில்லை. பிறகு அது ஏன் ஒழுங்கற்ற வகையில் சேர்க்கப்படுகிறது? அதில் இன்னும் விண்மீன்கள் பிறப்பது எப்படி?

தரமணி வாசகர்:
உருக்குலைந்தது என்பதைவிட, சுருள் வடிவம் அதற்கு வாய்க்கவே இல்லை என்பதே பொருத்தம். நம் பால்வழியின் வட்டு நொடிக்கு 220 கிலோமீட்டர் அளவில் சுழல்கிறது, டபிள்யூ.எல்.எம். 40 கிலோமீட்டரைக்கூட எட்டுவதில்லை. நிறையும் சுழற்சியும் குறைவாக இருப்பதால் வாயு தடித்த வட்டாகவே தங்கி, அங்கொன்றும் இங்கொன்றுமாகத் திரண்டு விண்மீன்களை ஈனுகிறது. நிறைமிகுந்த நீல விண்மீன்கள் சில கோடி ஆண்டுகளுக்குள் மடிந்துவிட, அடுத்த திரள் வேறோரிடத்தில் ஒளிரத் தொடங்குகிறது. நாம் காணும் திட்டுத்திட்டான தோற்றம் இந்த இளம் விண்மீன்களுடையது. முதிய விண்மீன்கள் அவற்றைவிடச் சீராகவே பரவியிருக்கின்றன.

இரண்டாவது கேள்விக்குத் தனிமையே விடை. பால்வழியைச் சுற்றிவரும் சிற்பி, உலை போன்ற குறு மண்டலங்களில் வாயு ஏறக்குறைய இல்லை. பெரிய மண்டலத்தைச் சூழ்ந்த வெப்ப வாயு உரசியும், அதன் ஈர்ப்பு இழுத்தும் குறு மண்டலத்தின் வாயுவைப் பறித்துவிடுகின்றன. ஒதுங்கியிருக்கும் மண்டலம் தன் ஹைட்ரஜனைக் காப்பாற்றிக்கொண்டு, அதைச் சிறுகச் சிறுகச் செலவிடுகிறது.

வேளச்சேரி ஆசிரியர்:
ஒன்றைச் சேர்க்கிறேன். விண்மீன் வெடிப்புகளில் உருவாகும் ஆக்சிஜன் போன்ற தனிமங்களில் பெரும்பகுதியை இத்தகைய மெலிந்த ஈர்ப்பால் பிடித்துவைக்க முடிவதில்லை. ஆகவேதான் டபிள்யூ.எல்.எம்.மில் ஆக்சிஜனின் விகிதம் சூரியனில் உள்ளதில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காக இருக்கிறது. பேரண்டத்தின் இளமைக்கால மண்டலங்களை ஒத்த வேதிச்சூழல் இவ்வளவு அருகில் கிடைப்பது பெரும்பேறு.

புனே அருகிலுள்ள ராட்சத மீட்டர் அலை ரேடியோ தொலைநோக்கியின் பணியையும் படியுங்கள். என்.ஜி.சி. 3741 என்ற குறு மண்டலத்தின் ஹைட்ரஜன் வட்டு, ஒளியில் தெரியும் பகுதியைப்போல் 8 மடங்குக்கு மேல் விரிந்திருப்பதை அது காட்டியது. அவ்வளவு தொலைவிலும் சுழற்சி வேகம் குறையாததால், அங்கே கண்ணுக்குத் தெரியாமல் ஈர்ப்பால் மட்டுமே உணரப்படும் கரும்பொருளே மிகுதி என்று அறிகிறோம்.

கோட்டூர்புரம் மாணவி:
இருவருக்கும் நன்றி, ஐயா. சென்னையிலிருந்து டபிள்யூ.எல்.எம். மண்டலத்தைப் பார்க்க முடியுமா?

தரமணி வாசகர்:
நவம்பர் மாதத்தில் முன்னிரவில் அது தென்வானில் சுமார் 60 பாகை உயரத்துக்கு வருகிறது. ஆனால் அதன் ஒளி பரந்து மங்கியிருப்பதால் நகர வெளிச்சத்தில் கரைந்துவிடும். காவலூர் போன்ற இருண்ட மலைப்பகுதியில், நல்ல தொலைநோக்கியுடன் முயன்று பாருங்கள்.